சிப்பிப் பாருக்கு மறுநடவு

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் இன்னும் நெல்லும் கீரையும் மல்லிகையும் பயிரிட்டு வரும் விவசாயிக்கும், கடலோரக் கழிமுகத்தில் பாறையோடு பாறையாக ஒட்டிக்கிடக்கும் சிப்பிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கோழிக்குக் குருணையாகவும், சுவருக்குச் சுண்ணாம்பாகவும் சிப்பி வந்துகொண்டிருந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஆனால் அதைவிடப் பெரிய சம்பந்தம் ஒன்று உண்டு. அது தண்ணீர்.

பருத்திப்பட்டு ஏரி நிரம்பினால் உபரி நீர் கூவத்தில் சேருகிறது. பூந்தமல்லிக்குத் தெற்கே செம்பரம்பாக்கம் திறந்தால் அடையாற்றில் வெள்ளம். அம்பத்தூருக்கு வடக்கே புழல் ஏரியின் உபரி நீர் வடகரை, சடையங்குப்பம் வழியாக எண்ணூர் போகிறது. பூண்டியிலிருந்து தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி வரும் கொசஸ்தலையாறும் அதே எண்ணூரில்தான் கடலைத் தொடுகிறது. கூவமும் கொசஸ்தலையாறும் கேசவரம் அணைக்கட்டில் பிரிகின்றன என்பதால், மேற்கே பெய்யும் மழை எந்தப் பக்கம் திரும்பினாலும் முடிவில் ஏதாவது ஒரு கழிமுகத்துக்குத்தான் போய்ச் சேரும். உப்பு நீரும் நல்ல நீரும் கலக்கும் அந்த இடமே ஆளிச் சிப்பியின் வயல்.

இந்தச் சிப்பிக்கு விஞ்ஞானிகள் 1916-ஆம் ஆண்டில் வைத்த பெயரிலேயே மெட்ராஸ் இருக்கிறது. கிராஸோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ் என்பது அதன் பெயர். ஊரின் பெயர் 1996-ல் மாறியது. அண்மைக்கால மரபணு ஆய்வுகளுக்குப் பின் சிப்பிக்கும் வேறு பெயர் தந்துள்ளனர். இருந்தாலும் நம் நாட்டு ஆய்வு நிலையங்களில் பழைய பெயரே இன்றும் புழங்குகிறது. எண்ணூர், அடையாறு, பழவேற்காடு ஆகிய மூன்று இடங்களிலும் இது இயற்கையாக வளர்ந்த உயிர்.

பார் என்பது என்ன?

முத்துக் குளிப்போர் சிப்பி நிறைந்த கடலடித் திட்டைப் பார் என்பார்கள். கழிமுகத்துச் சிப்பித் திட்டுக்கும் அந்தச் சொல் பொருந்தும். ஆனால் இந்தப் பார் உருவாகும் விதம் வேறு. சிப்பி தானே தன் பாரைக் கட்டுகிறது.

தாய்ச் சிப்பி ஒரு பருவத்தில் இடும் முட்டைகள் லட்சக்கணக்கில் இருக்கும். சமயத்தில் கோடியைத் தாண்டும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. இரண்டு மூன்று வாரம் தண்ணீரோடு மிதந்து திரிகிறது. பிறகு அதற்குக் கால் போன்ற ஓர் உறுப்பு முளைக்கிறது. அதைக் கொண்டு தடவித் தடவி, கெட்டியான, சுத்தமான இடமாகப் பார்த்து அமர்கிறது. இடது ஓட்டைச் சிமெண்டு வைத்துப் பூசியதுபோல் ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் ஆயுள் முழுவதும் அங்கிருந்து நகர்வதில்லை.

அப்படி அமர அதற்கு மிகவும் பிடித்த இடம் வேறொரு சிப்பியின் ஓடு. அந்தச் சிப்பி உயிரோடு இருந்தாலும் சரி, செத்துப் போயிருந்தாலும் சரி, ஓடு இருந்தால் போதும். ஒன்றன்மேல் ஒன்றாக, தலைமுறைமேல் தலைமுறையாக ஏறி ஏறி எழுவதே பார். பாட்டனின் ஓட்டில் பேரன் குடியிருக்கிறான் என்று சொல்லலாம். ஆகவே ஓட்டை அள்ளிக்கொண்டு போனால், இனி வரவேண்டிய குஞ்சுக்கு நாற்றங்கால் இல்லாமற் போகிறது. கழிமுகத்தில் மீதி இருப்பது சேறுதான். சேற்றில் குஞ்சு அமராது. ஓட்டின்மீது விரலால் வழித்தால் ஒட்டுகிற அளவு வண்டல் படிந்திருந்தாலே குஞ்சு விலகிப் போய்விடும்.

பாரின் இடுக்குகளில் இறாலும் நண்டும் சிறு மீன்களும் ஒதுங்குகின்றன. அலையின் வேகம் பாரில் பட்டுத் தணிகிறது. கரை அரிப்பது குறைகிறது. சிப்பி தண்ணீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்ணிய பாசியைத் தின்று, மீதித் தண்ணீரைத் தெளிய விட்டுவிடுகிறது. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்து பழவேற்காடு ஏரியை நெடுங்காலம் ஆராய்ந்த பி.ஜே. சஞ்சீவராஜ், 2008-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் சிப்பியை ஆதார உயிர்களின் வரிசையில் வைத்தார். கட்டட வளைவின் நடுக்கல்லை உருவினால் மற்றக் கற்கள் தாமே சரிவது போன்றது இதன் நிலை என்பது பொருள்.

குறைந்தது எதனால்?

காரணம் ஒன்றல்ல. முதலாவது, ஓட்டுக்காகவே அள்ளியது. சென்னையின் பழைய மாளிகைகளில் கண்ணாடிபோல் மின்னும் சுண்ணாம்புப் பூச்சு, கிளிஞ்சலைச் சுட்டு அரைத்துப் பூசியது. பழவேற்காட்டுப் பகுதியில் மண்ணுக்கடியில் புதைந்து கிடந்த பழைய ஓடுகளும் சுண்ணாம்புக்காக வெட்டி எடுக்கப்பட்டன.

இரண்டாவது காரணம் தண்ணீரின் போக்கு. 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தபின் கொசஸ்தலையாற்று நீரின் பெரும்பகுதி நகரத்துக் குடிநீருக்குப் போகிறது. அது தேவைதான். ஆனால் சாதாரண ஆண்டில் கழிமுகத்துக்கு நல்ல நீர் வருவது குறைவு. மழை கொட்டுகிற ஆண்டில் எல்லா நீரும் ஒரே வீச்சில் வருகிறது. இந்தச் சிப்பி ஓரளவு உப்புக் குறைவைத் தாங்கும். உப்பே இல்லாத வெள்ளம் பல நாள் நின்றால், வாயை மூடிக்கொண்டு பொறுத்துப் பார்த்துவிட்டுச் செத்துவிடும். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் இந்தத் தொல்லை இருமடங்காகும். வெள்ளம் வெளியேறாது, கோடையில் கடல் நீர் உள்ளே வராது. பழவேற்காட்டு முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்கும்படி மீனவர்கள் பல ஆண்டுகள் கேட்டு வந்ததும், அரசு அங்கே கற்சுவர் அமைக்கும் பணியை மேற்கொண்டதும் இதனால்தான்.

மூன்றாவது, கழிவு. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் குழாய்களிலிருந்து கசிந்து, பல இடங்களில் ஆற்றின் அடியை மூடிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் அந்தக் கழிமுகத்தில் பரவியது. கூவத்தில் நகரத்துச் சாக்கடை சேருவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவை போதாதென்று புதிய பகை ஒன்றும் வந்திருக்கிறது. எண்ணூர், பழவேற்காட்டு மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த, கறுத்த, மெல்லிய ஓடுடைய சிறு உயிர் அது. கப்பல்களின் மூலம் வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. வயலில் பார்த்தீனியம் பரவியதுபோல் கழிமுகத்தின் அடியில் கம்பளமாகப் படர்ந்து, மட்டியையும் இறால் ஒதுங்கும் சேற்றையும் மூடிவிடுகிறது. கேரளத்தில் அஷ்டமுடிக் காயலிலும் இதே கதைதான். சிப்பி அமரவேண்டிய கெட்டியான இடத்தையெல்லாம் இது முந்திக்கொண்டு பிடித்துவிடுகிறது.

சாம்பலும் காக்கா ஆழியும் மணலும் சேர்ந்து ஆற்றின் வாயைக் குறுக்கினால் நட்டம் மீனவருக்கு மட்டும் அல்ல. 2021 நவம்பரில் பூண்டியிலிருந்து திறந்த நீர் கொசஸ்தலையாற்றில் வடிய முடியாமல் மணலி புதுநகர்ப் பகுதியில் புகுந்ததைப் பலரும் கண்டனர். கீழே வாய் அடைத்தால் மேலே வயலில் தண்ணீர் தேங்கும் என்பது வாய்க்கால் பாசனம் செய்தவருக்குப் புதிதல்ல.

சுண்ணாம்பு பூசிய ஓடு

சிப்பியைப் பயிர்போல் வளர்க்கலாம் என்ற எண்ணம் நம் மாகாணத்தில் நூறாண்டுக்கு முந்தியது. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், பிரெஞ்சு நாட்டு ஆர்க்கஷோன் விரிகுடாவில் செய்யும் சிப்பி வளர்ப்பை ஆராய்ந்து, அதை இந்தியாவில் செய்ய முடியுமா என்று 1910-ல் ஓர் அறிக்கை எழுதினார். பழவேற்காட்டில் பரிசோதனையும் நடந்தது.

ஆர்க்கஷோன் முறை எளியது. கூரை வேயும் மண் ஓட்டின்மேல் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிக் காய வைக்கிறார்கள். குஞ்சு மிதக்கும் பருவத்தில் அந்த ஓடுகளைத் தண்ணீரில் அடுக்குகிறார்கள். குஞ்சுகள் வந்து ஒட்டுகின்றன. சில மாதம் கழித்து எடுத்து, கத்தியால் நெம்பினால், குஞ்சு உடையாமல் சுண்ணாம்புப் படலத்தோடு பெயர்ந்து வருகிறது. பிறகு அதைத் தட்டில் வைத்து வளர்க்கிறார்கள். நாற்றைப் பறித்து நடுவது போலத்தான்.

இந்த வேலையை முறைப்படி வளர்த்தது மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடிப் பிரிவு. 1970-களில் அங்கே சுண்ணாம்பு பூசிய ஓடுகளில் குஞ்சு பிடித்து, கழிகளால் மேடை கட்டி, தட்டுகளில் வளர்த்துப் பார்த்தனர். சுமார் ஓராண்டில் சிப்பி எட்டு ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் குஞ்சு பொரிப்பகமும் வெற்றி கண்டது. தாய்ச் சிப்பி இருக்கும் நீரின் வெப்பத்தைச் சற்று உயர்த்தி முட்டையிட வைத்து, நுண்பாசியை ஊட்டிக் குஞ்சை வளர்க்கும் முறை அது. பின்னர் ஓடுகளுக்குப் பதில், வெற்றுச் சிப்பிகளைத் துளையிட்டுக் கயிற்றில் மாலையாகக் கோத்துத் தொங்கவிடும் வழக்கம் வந்தது. செலவு குறைவு. 1990-களில் கேரளத்து அஷ்டமுடியிலும் காயங்குளத்திலும் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து இந்தச் சிப்பி மாலைகளை வளர்க்கத் தொடங்கினர்.

விதை மட்டும் போதுமா?

இங்கே ஒரு பாடத்தை மறக்கக்கூடாது. அது முத்துச் சிப்பி தந்த பாடம். மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். அதன்பின் பார்களில் சிப்பி சேரவே இல்லை. 1973-ல் தூத்துக்குடியில் முத்து வளர்ப்பு வெற்றி பெற்றது. 1981-ல் முத்துச் சிப்பிக் குஞ்சையும் பொரிப்பகத்தில் பெற்றனர். 1980-களின் பிற்பகுதியில் அந்தக் குஞ்சுகளை லட்சக்கணக்கில் எடுத்துப் போய்ப் பார்களில் விட்டுப் பார்த்தார்கள். இன்றுவரை முத்துக் குளிப்பு மீண்டும் நடக்கவில்லை. விதை நல்ல விதைதான். களர் நிலத்தில் நல்ல விதையை இறைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. பாரின் நிலை, சுற்றியுள்ள மீன்கள், நீரோட்டம் இவை சரியாக அமையாமல் குஞ்சு மட்டும் பாரை மீட்டுவிடாது.

இதற்கு மறுபக்கம் அஷ்டமுடி மட்டிக் கதை. 1980-களில் அங்கிருந்து மட்டி இறைச்சி வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கியதும் எல்லோரும் வாரிக் குவித்தனர். 1990-களின் தொடக்கத்தில் மட்டி குறைந்தது. அப்போது மீனவர்களும் ஆராய்ச்சி நிலையத்தாரும் உட்கார்ந்து பேசி விதிகள் வகுத்தனர். சிறு மட்டி தப்பும்படி வலைக்கண் அளவு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அறுவடை இல்லை, எந்திரம் பூட்டிய வாரி கூடாது என்பவை அவற்றில் சில. காவலும் மீனவரே. 2014-ல் அந்த மட்டித் தொழிலுக்கு, நீடித்து நிற்கக்கூடிய மீன்பிடிப்பு என்ற உலகச் சான்று கிடைத்தது. இந்தியாவில் அது முதல் சான்று. பிறகு வெள்ளம், உப்பு மாற்றம் முதலிய காரணங்களால் மீண்டும் குறைவு கண்டபோது, விழிஞ்ஞம் பொரிப்பகத்தில் வளர்த்த 30 லட்சம் குஞ்சுகளைக் காயலில் விட்டனர். மட்டி வேறு, ஆளிச் சிப்பி வேறு என்றாலும் இரண்டும் ஓட்டுக்குள் வாழும் உறவுதான். விதி முதலில், விதை பிறகு என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும்.

பிற நாடுகளில்

உலகம் முழுவதும் கணக்கெடுத்த விஞ்ஞானிகள், இயற்கையான சிப்பிப் பார்களில் நூற்றுக்கு 85 பங்கு அழிந்துவிட்டதாக 2011-ல் எழுதினர். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் சிப்பி பழைய நிலையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அங்கே பத்துக் கிளையாறுகளைத் தேர்ந்தெடுத்து 2025-க்குள் பார்களை மீட்பது என்று 2014-ல் உடன்பாடு செய்தனர். ஹாரிஸ் ஓடை என்ற ஒரே ஓடையில் சுமார் 350 ஏக்கர் பார் அமைத்தார்கள். வெற்று ஓட்டில் பொரிப்பகக் குஞ்சை ஒட்ட வைத்து, ஓட்டோடு ஆற்றில் கொட்டுவது அவர்கள் முறை. குஞ்சுக்குப் பஞ்சம் இல்லை, ஓட்டுக்குத்தான் பஞ்சம். பல இடங்களில் கல்லையே கொட்ட வேண்டியதாயிற்று. நியூயார்க்கில் 2014-ல் தொடங்கிய திட்டம் ஒன்றில், உணவு விடுதிகளில் தின்று எறியும் ஓடுகளைச் சேகரித்து, கிருமி போகும்படி நெடுநாள் வெயிலில் போட்டு, பள்ளி மாணவர்களைக் கொண்டு துறைமுக நீரில் பார் கட்டுகிறார்கள்.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் வங்கதேசத்தில் குதுப்தியா தீவு. கரை அரித்துக்கொண்டே போன அந்தத் தீவில் சிமெண்டு வளையங்களை அலை வரும் பக்கம் வரிசையாக வைத்தார்கள். யாரும் குஞ்சு விடவில்லை. சிப்பிகள் தாமே வந்து ஒட்டின. ஆண்டுக்காண்டு தடித்த அந்த வரிசைக்குப் பின்னால் அலை தணிந்து, சேறு தங்கி, உவர்ப் புல் கடல் பக்கமாக முன்னேறி வளர்ந்தது. 2019-ல் இதன் முடிவுகள் வெளியாயின. நீர் சுத்தமாக இருந்து தாய்ச் சிப்பி அருகில் இருந்தால் கெட்டியான இடம் ஒன்றே போதும் என்பதற்கு இது சான்று. எண்ணூரில் வளையம் வைத்தால் முதலில் ஏறுவது காக்கா ஆழியாகவே இருக்கும். ஆகவே அங்கே சாம்பலையும் காக்கா ஆழியையும் அகற்றுவதே முதல் உழவு.

மேற்கே செய்யக்கூடியது

கழிமுகத்துக்கு 20, 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் விவசாயி சிப்பி வளர்க்கப் போவதில்லை. ஆனாலும் அவர் கையில் சில காரியங்கள் உள்ளன.

செம்பு கலந்த பூசணக்கொல்லிகள் இவற்றில் முக்கியம். போர்டோ கலவை, காப்பர் ஆக்ஸிகுளோரைடு முதலியவற்றைத் தக்காளிக்கும் கத்தரிக்கும் வெற்றிலைக்கும் அடிப்பது வழக்கம். செடிக்கு நன்மை செய்யும் செம்பு, சிப்பிக் குஞ்சுக்கு மிகச் சிறு அளவிலேயே விஷம். மழை வரும் அறிகுறி இருக்கும்போது மருந்து அடித்தால் மருந்தும் வீண், பணமும் வீண். ஓடும் நீரில் கலந்து ஏரிக்கும் ஆற்றுக்கும் போகிறது. தெளிப்பானைக் கால்வாயில் அலசும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அலசிய நீரை அதே வயலின் வரப்போரத்தில் ஊற்றிவிடலாம்.

அடுத்தது வண்டல். ஏரி என்பது தண்ணீரைத் தேக்குவதோடு வண்டலையும் பிடித்து வைக்கும் தொட்டி. தூர்ந்துபோன ஏரியில் வண்டல் தங்க இடமில்லை. கலங்கல் வழியாக அப்படியே ஆற்றில் இறங்கிக் கழிமுகத்து ஓடுகளை மூடுகிறது. விவசாயிகள் ஏரி வண்டலை வட்டாட்சியரின் அனுமதி பெற்று இலவசமாக எடுத்துக்கொள்ள 2024-ல் அரசு விதிகளை எளிதாக்கியது. கோடையில் வண்டல் அடித்தால் வயலுக்கு உரம். ஏரியில் கொள்ளளவும் கூடும். நகரம் நெருங்கிவிட்ட ஏரிகளில் ஆலைக் கழிவோ சாக்கடையோ கலந்திருக்கக்கூடும். அங்கே மண்ணைப் பரிசோதிக்காமல் வயலில் போடுவது ஆபத்து. கீரை நிலத்தில் போடவே கூடாது.

மூன்றாவது, கோழிக்கு வைக்கும் குருணை. முட்டைக் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஓடு மெலிந்து முட்டை உடையும். அந்தச் சத்து சிப்பியில்தான் இருக்கிறது என்பதில்லை. சுண்ணாம்புக்கல் குருணையிலும் அதே சத்து உண்டு. வீட்டில் பத்துப் பதினைந்து கோழி வளர்ப்பவர், முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, பொடித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தாலும் கோழி தேவைக்குத் தின்றுகொள்ளும். தீவனத்தில் கலப்பதைவிடத் தனியாக வைப்பது நல்லது. முட்டையிடாத கோழிக்கும் சேவலுக்கும் அவ்வளவு சுண்ணாம்பு ஆகாது. சிப்பிக் குருணைதான் வேண்டும் என்பவர், மூட்டையில் பச்சை வாடையோடு உயிர்ச் சிப்பியை உடைத்த ஓடு வந்தால் வாங்காமல் திருப்பிவிடலாம். வாங்க ஆள் இருக்கும்வரை பாரை உடைக்கவும் ஆள் இருக்கும்.

எண்ணூரிலோ கூவம், அடையாற்று முகத்திலோ கிடைக்கும் சிப்பியை யாரும் தின்னலாகாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தண்ணீரைச் சுத்தம் செய்யும் உயிர், அந்த அழுக்கைத் தன் உடலில்தான் சேர்த்து வைக்கிறது. வளர்ப்புச் சிப்பியைக்கூடச் சுத்தமான கடல்நீர்த் தொட்டியில் ஒரு நாள் போட்டு வைத்து, கிருமி நீங்கிய பிறகே விற்பனைக்கு அனுப்புவது முறை.

சிப்பி, மட்டி, உவர்நீர் வளர்ப்பு பற்றி விவரம் அறிய விரும்புவோருக்கு இந்த மாவட்டத்திலேயே இடம் இருக்கிறது. பொன்னேரியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். ஆவடியிலிருந்து செங்குன்றம் வழியாகப் போகலாம். ரயிலில் செல்வோர் கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் பொன்னேரியில் இறங்க வேண்டும். ரயில் எண்ணூரைத் தாண்டியதும் பாலத்தின் கீழே தெரிவது கொசஸ்தலையாறு. நீர் வற்றம் இருக்கும் நேரமானால் அங்கே அடியில் படிந்திருக்கும் சாம்பல் நிறச் சேற்றைப் பெட்டியிலிருந்தே பார்க்கலாம்.